உராய்வற்றது எனக் கொள்க

பிப்ரவரி 5, திங்கள்

இன்று வந்த முதல் கேள்விக்கே எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"78 கிலோ நிறையுள்ள ஒரு பெட்டி கட்டில் உயரத்தில் உள்ளது. உத்தரத்தில் கப்பி கட்டி, அதன் வழியாகக் கயிறு போட்டு, பெட்டியை ஒரு முழம் உயர்த்த வேண்டும். இழுப்பவரின் எடை 44 கிலோ. முடியுமா?"

முழமாம். எந்த இயற்பியல் புத்தகத்தில் முழம் இருக்கிறது? மீட்டர் என்று எழுதினால் கை வலிக்குமா? கேட்டது யார் என்று பார்த்தேன். சுபிக்ஷா, பதினோராம் வகுப்பு. பள்ளிக்கூடம் நடக்கிற நேரத்தில், பதினொன்றரை மணிக்கு, ஒரு பதினோராம் வகுப்புப் பிள்ளை வீட்டில் உட்கார்ந்து பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறது.

கோபப்பட்டால் பிழைப்பு ஓடாது. சென்னைக் கம்பெனி ஒன்றின் செயலியில் பிள்ளைகள் கணக்கு அனுப்புவார்கள். நான் சங்கரன்கோவிலில், அண்ணன் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து போட்டுக் கொடுப்பேன். எம்.எஸ்சி. படித்த படிப்புக்கு இதுதான் கிடைத்தது. விடை பிடித்தால் பிள்ளைகள் ஐந்து நட்சத்திரம் போடும். கணக்கைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது. பெயர், ஊர், வீட்டு விவரம் எதைக் கேட்டாலும் செயலியில் என் கணக்கே முடங்கிவிடும். எனக்கு அது வசதிதான். பேசுவதென்றால் எனக்கு எப்போதும் அலுப்பு.

வழக்கம்போல விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டினேன். "கப்பி நிறையற்றது, உராய்வற்றது எனக் கொள்க" என்ற வரி வந்து விழுந்தது. எல்லா விடைக்கும் முதல் வரி அதுதான் என்பதால் அதைச் சேமித்து வைத்திருக்கிறேன். பிறகு எழுதினேன்: ஒற்றைக் கப்பியில் 78 கிலோவைத் தூக்க 78 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும். இழுப்பவரால் தன் எடைக்கு மேல் கீழ்நோக்கி இழுக்க முடியாது. எனவே முடியாது.

உடனே பதில் வந்தது. "அப்படியென்றால் என்ன செய்தால் முடியும்?"

பிள்ளைகள் இப்படிக் கேட்பதே இல்லை. முடியாது என்று விடை வந்துவிட்டால் அதை எழுதிக்கொண்டு ஓடிவிடும். இது என்ன புதுப் பழக்கம் என்று யோசித்துக்கொண்டே படம் போட்டேன். கயிற்றின் ஒரு முனையை உத்தரத்தில் கட்டு. பெட்டியோடு இன்னொரு கப்பியைக் கட்டி, கயிற்றை அதன் அடியில் விட்டு, மேல் கப்பி வழியாக இழு. பெட்டியை இப்போது இரண்டு கயிறுகள் தாங்குகின்றன. பாதி விசை போதும், அதாவது 39. அது 44ஐ விடக் குறைவு. எனவே முடியும்.

ஐந்து நட்சத்திரம் விழுந்தது. கூடவே "ரொம்ப நன்றி டீச்சர்."

பிப்ரவரி 6, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வரும் நாள். காலை முழுக்கக் குடத்தோடு போயிற்று. பிறகு சாய்தளக் கணக்கு ஒன்பது. ஒன்பது பிள்ளைகளும் உராய்வு விசையைத் தப்பான பக்கம் போட்டிருந்தார்கள். எது நகரப் பார்க்கிறது, எந்தப் பக்கம் நகரப் பார்க்கிறது என்று முதலில் பாருங்கள், உராய்வு அதற்கு எதிராகத்தான் நிற்கும் என்று ஒன்பது தடவை எழுதினேன்.

பிப்ரவரி 8, வியாழன்

இட்லிக்கு அரிசி ஊறப்போட மறந்து மதினியிடம் பேச்சு வாங்கினேன். வேறு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 10, சனி

அதே சுபிக்ஷா. அதே பெட்டி.

"பெட்டியின் தலைப் பக்கம் கனம், கால் பக்கம் லேசு. நடுவில் ஒரே இடத்தில் கட்டித் தூக்கினால் சாயுமா?"

சாயும் என்று எழுதினேன். எடை முழுவதும் செயல்படும் புள்ளி கனமான பக்கத்துக்கு நெருக்கமாக இருக்கும், அதனால் இரண்டு இடத்தில் கட்டு, தலைப் பக்கக் கட்டு உறுதியாக இருக்கட்டும் என்று படமும் போட்டேன்.

பெட்டிக்கு ஏது தலைப் பக்கம், கால் பக்கம்? எங்கள் பக்கத்தில் சிலர் பீரோவையும் பெட்டி என்றுதான் சொல்வார்கள். பழைய பீரோவாக இருக்கும். வீடு மாற்றுகிறார்களோ என்னவோ. அதற்குக் கூலிக்கு இரண்டு ஆளைக் கூப்பிடாமல் எதற்கு இந்தப் பிள்ளை கப்பியைக் கட்டி அழுகிறது என்று தெரியவில்லை.

ஐந்து நட்சத்திரம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

ஒரு நட்சத்திரம். நான் இந்த வேலைக்கு வந்த பிறகு முதல் தடவையாக ஒரு நட்சத்திரம். அந்தச் செய்தியை அப்படியே எழுதி வைக்கிறேன்.

"டீச்சர், உங்கள் விடை நடக்கவில்லை. நீங்கள் படம் போட்ட மாதிரியேதான் கட்டினேன். இழுத்தேன். முழு பலத்தோடு இழுத்தேன். என் கால் தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. நான் கயிற்றில் தொங்குகிறேன், பெட்டி கட்டிலிலேயே இருக்கிறது. 39 என்று சொன்னீர்களே. நான் 44 இருக்கிறேன். ரேஷன் கடைத் தராசில் ஏறிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன்."

கணக்கைத் திரும்பப் போட்டேன். 78ஐ இரண்டால் வகுத்தால் 39தான். யார் வகுத்தாலும் 39தான். நல்ல காரமாக ஒரு பதில் எழுதிக்கொண்டிருந்தபோது இன்னொரு செய்தி வந்தது.

"நான் தொங்குவதைப் பார்த்துப் பெட்டி சிரித்தது. தென்னையிலிருந்து விழுந்த பிறகு இன்றைக்குத்தான் சிரித்திருக்கிறது. அதனால் ஒரு நட்சத்திரம். இல்லாவிட்டால் அதுவும் போட்டிருக்க மாட்டேன்."

எழுதிய பதிலை அழித்தேன். கீழே போய், மதினி சொல்லாமலே உளுந்தைக் களைந்து கிரைண்டரில் போட்டேன். அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மதினி வந்து, "என்னட்டி, மூஞ்சி ஏன் இப்பிடி இருக்கு? யாரும் ஏசிட்டாவளா?" என்றாள்.

"ஒரு கணக்கு தப்பாப் போச்சு மதினி" என்றேன்.

"இவ்வளவுதானா? திரும்பப் போடு" என்று சொல்லிவிட்டு அவள் துணி எடுக்கப் போய்விட்டாள்.

பிப்ரவரி 14, புதன்

ஒருங்கிணைப்பாளர் வினோதினி சென்னையிலிருந்து கூப்பிட்டாள். என்னைவிடச் சின்னவள். ஆனால் குரலில் தலைமை ஆசிரியைத் தோரணை.

"ஆவுடை மேம், ஒன் ஸ்டார் வந்திருக்கு. உங்க ஆவரேஜ் இறங்கிடுச்சு."

"விடை சரிதாங்க. நிஜத்துல செஞ்சு பாத்திருக்காங்க, வரல."

"நிஜத்துல செய்யறதுக்கு நாம பொறுப்பில்ல மேம். சிலபஸ்ல இல்லாத கேள்வின்னு போட்டு க்ளோஸ் பண்ணிடுங்க. எப்படியும் அந்த அக்கவுண்ட் இந்த மாசக் கடைசியோட முடியுது. ரின்யூ பண்ணல."

சரி என்றேன். திரையில் அந்தப் பொத்தான் இருக்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் போதும், அந்த நபரின் கேள்வி அதற்கப்புறம் என்னிடம் வராது. கையை அங்கே வைத்திருந்தபோது செய்தி வந்தது.

"பெட்டியின் அடிப்பக்கம் அரிக்க ஆரம்பித்திருக்கிறது டீச்சர். படுத்தே கிடப்பதால்தான். தினமும் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தால் ஆறும், விட்டால் உள்ளே போய்விடும் என்கிறார்கள். தூக்கிவிட வந்துகொண்டிருந்த இரண்டு பேரும் நெல் அறுப்புக்குப் போய்விட்டார்கள். அவர்கள் தூக்குவது பெட்டிக்கும் பிடிக்கவில்லை. தூக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்ளும். நான் இழுத்தால் மூடாது. வேறு வழி ஏதாவது கணக்கில் இருக்கிறதா?"

எழுதுவது சுபிக்ஷா இல்லை, அவள் பெயரில் வேறு யாரோ ஓர் அம்மா. "அவர் உங்கள் கணவரா?" என்று தட்டச்சு செய்தேன். அனுப்பவில்லை. அனுப்பினால் எனக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவில் இருக்கிற ஒரே கதவு சாத்தப்பட்டுவிடும். ஒவ்வோர் எழுத்தாக அழித்துவிட்டு, "கேள்வியைத் தீர்க்கக் கூடுதல் விவரங்கள் தேவை" என்று எழுதினேன்: கப்பிகள் எப்படிப்பட்டவை, கயிறு எது, உத்தரம் மரமா இரும்பா.

எனக்கு வெட்கமாக இருந்தது. உராய்வற்றது எனக் கொள்க என்று ஒரு விசையைத் தட்டினேன். யார் வீட்டுக் கப்பி உராய்வற்றது? நான் பிறந்ததிலிருந்து கிணற்றடியில் கேட்டுக்கொண்டிருக்கிற கீச்சுச் சத்தம் பின்னே என்ன?

பிப்ரவரி 15, வியாழன்

"கிணற்றுக் கப்பி இரண்டு. பழசு. எண்ணெய் போட்டும் கீச்சென்கிறது. கயிறு புது நைலான் வடம், விரல் தண்டி. உத்தரம் இரும்பு கர்டர். முன்னே அதில் ஊஞ்சல் கிடந்தது. பெட்டியும் நானும் சேர்ந்தே ஆடியிருக்கிறோம்."

கடைசி வரியை ஏன் எழுதினார் என்று தெரியவில்லை. கேட்காத விவரம். ஆனால் கணக்குக்கு அதுவும் உதவும். இரண்டு பேரைத் தாங்கிய உத்தரம்.

பிப்ரவரி 17, சனி

அண்ணன் சுடலைமுத்து மைக் செட் வைத்திருக்கிறான். கோயில் கொடைத் திருவிழாவுக்கு மரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏற்றுவதற்குக் கப்பியும் வடமும் அவன் கடையில் கிடக்கும். நாலு கப்பி வேண்டும் என்று கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"என்னத்துக்குளா?"

"ஒரு பரிசோதனை."

"எம்.எஸ்சி. முடிச்சு எட்டு வருஷம் ஆச்சு, இப்பத்தான் பரிசோதனை செய்யுதியாக்கும்" என்றான். ஆனால் எடுத்துக் கொடுத்தான். இருப்பதிலேயே பழசாகக் கொடு என்றதும்தான் அவனுக்கு நிஜமாகவே கவலை வந்தது.

பின்னால் வேப்பமரத்துக் கிளையில் கட்டினேன். முதலில் அந்த அம்மா கட்டிய மாதிரியே, மேலே ஒன்று, கீழே ஒன்று. பெட்டிக்குப் பதில் இருபத்தாறு கிலோ அரிசி மூட்டை. இழுக்கிற முனையில் மதினியின் கொக்கித் தராசைக் கட்டி இழுத்தேன். புத்தகத்தின்படி பதின்மூன்று காட்ட வேண்டும். மூட்டை மெல்ல மேலே ஏறியபோது தராசு பதினேழு காட்டியது.

திரும்பத் திரும்ப இழுத்தேன். பதினேழுதான். பெட்டி இந்த மூட்டையைப் போல மூன்று மடங்கு. மூவேழு இருபத்தொன்று என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போட்டேன். ஐம்பத்தொன்று. அந்த அம்மாவிடம் இருப்பது நாற்பத்து நாலு. கால் கிளம்பாமல் என்ன செய்யும்?

ஒவ்வொரு கப்பியும் தன் பங்குக்கு ஐந்தில் ஒரு பாகத்தைப் பிடித்துக்கொள்கிறது. கயிறு ஒரு கப்பியைத் தாண்டும்போதெல்லாம் அதற்குக் கப்பம் கட்ட வேண்டியிருக்கிறது. நான் இத்தனை வருஷமாக அந்தக் கப்பத்தைப் பிள்ளைகளுக்குத் தள்ளுபடி செய்துகொண்டிருந்தேன்.

மேலே இரண்டு, கீழே இரண்டு என்று நாலு கப்பியும் போட்டேன். புத்தகத்தில் ஆறரை. என் தராசில் பத்து. மூன்று மடங்கு முப்பது. 44க்கு முப்பது எங்கேயோ கீழே இருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது என்று எழுதினால் மிகையாக இருக்கும். ஆனால் சிலிர்த்தது.

பிறகு நான் தேடாத ஒன்று கிடைத்தது. மூட்டை அந்தரத்தில் இருக்கும்போது கயிற்றை மெல்லத் தளர்த்திப் பார்த்தேன். தூக்கப் பத்து கிலோ கேட்ட மூட்டை, கீழே விழாமல் பிடித்துக்கொள்ள நாலு கிலோதான் கேட்டது. மிச்சத்தைக் கப்பிகளே பிடித்துக்கொண்டன. தூக்கும்போது எனக்கு எதிராக நின்ற அதே உராய்வு, இறங்கப் பார்த்ததும் என் பக்கம் வந்து நின்றுகொண்டது. ஒன்பது பிள்ளைகளுக்கு ஒன்பது தடவை எழுதினேனே, அது இதுதான். எழுதியபோது எனக்கு அது உறைக்கவில்லை. கயிற்றை மரத்தில் மூன்று சுற்றுச் சுற்றினேன். ஒரே விரலால் மூட்டையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றிருந்தேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஒரு மூட்டையை மூன்றால் பெருக்கிப் பார்த்தது போதாது என்று காலையில் எழுந்ததும் தோன்றியது. ஏற்கனவே ஒரு தடவை காகிதத்தில் பெருக்கி வகுத்துத்தான் அந்த அம்மாவைக் கயிற்றில் தொங்கவிட்டேன். பக்கத்துக் கடையில் இரண்டு மூட்டையை இரவல் வாங்கினேன். இழுக்க அந்த அம்மாவின் எடையில் ஓர் ஆள் வேண்டும். நான் ஐம்பத்தெட்டு கிலோ. மதினி நாற்பத்தைந்து.

"நான் எதுக்குட்டி மரத்துல தொங்கணும்?" என்றாள்.

"தொங்காண்டாம் மதினி, இழுத்தாப் போதும்."

முதலில் இரண்டு கப்பி. மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பலங்கொண்ட மட்டும் இழுத்தாள். மூட்டைகள் அசையவில்லை. அவள் கால் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. அண்ணன் வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, கட்டிலில் படுத்தபடி ஒருவர் இதைப் பார்த்துத்தானே சிரித்திருப்பார் என்று தோன்றியது.

பிறகு நாலு கப்பி. மதினி கண்ணை மூடிக்கொண்டு இழுத்தாள். மூன்று மூட்டையும் எழுந்தன.

"ஏ, ஏறுதுட்டி" என்றாள். இன்னும் இழுத்தாள். "ஆனா கயிறு ஊர்ஊராப் போகுதே, மூட்டை கொஞ்சந்தான் ஏறுது?"

"நாலு முழம் இழுத்தா ஒரு முழம் ஏறும். அதுதான் கூலி."

கயிற்றை மரத்தில் சுற்றிவிட்டு மதினி மூச்சு வாங்க உட்கார்ந்தாள். அந்தரத்தில் தொங்கும் மூட்டைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"யாரைட்டி தூக்கப் போறாவ?"

"ஒரு பெட்டி மதினி."

மதினியின் அம்மா கடைசி இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்ததும், மாதம் ஒரு தடவை இவள் கழுகுமலைக்குப் போய் வந்ததும் எனக்குத் தெரியும். அங்கே என்ன செய்தாள் என்று நான் கேட்டதில்லை.

"கயித்தை அப்பிடியே உடம்புல கட்டிராதிய" என்றாள். "அறுத்துப் போடும். புண்ணு வேற இருந்தா கேக்கவே வேண்டாம். போர்வையை ரெண்டா மடிச்சு, தொட்டில் மாதிரி நாலு மூலையிலயும் கட்டணும். கழுத்துக்குத் துணியைச் சுருட்டி அண்டை குடுக்கணும். முக்கியமா, தூக்கும்போது மூஞ்சியைப் பாத்துப் பேசிக்கிட்டே தூக்கணும். இல்லன்னா பயந்துருவாவ."

"பெட்டிக்கு ஏது மதினி மூஞ்சி?"

"சரி, பெட்டிக்கு மூஞ்சி இல்ல. எழுதிக்கோ" என்று எழுந்து போனாள்.

பிப்ரவரி 19, திங்கள்

விடை எழுதினேன். காலையில் உட்கார்ந்தவள் சாப்பாட்டுக்குத்தான் எழுந்தேன். இடையில் வந்த எந்தக் கேள்வியையும் எடுக்கவில்லை.

பழக்கத்தில் விரல் அந்த விசைக்குப் போனது. வரி வந்து விழுந்தது. அழித்துவிட்டு, சேமித்த இடத்திலிருந்தும் எடுத்துப் போட்டேன். அதற்குப் பதில் இப்படி ஆரம்பித்தேன்: "ஒவ்வொரு கப்பியும் உராய்வுள்ளது எனக் கொள்க."

நாலு கப்பிக்கும் படம். எந்தக் கயிறு எதன் அடியில் போகிறது என்பதற்கு நாலு நிறம். உயர்த்தத் தேவையான விசை 30. கர்டருக்கு வரும் பாரம் 78ம் 30ம் சேர்த்து 108. "கர்டர் தாங்கும் எனக் கொள்ளக் கூடாது. முதலில் பெட்டிக்குப் பதில் மூன்று அரிசி மூட்டையைத் தூக்கி, அந்தரத்தில் விட்டு, ஒரு சமையல் ஆகும் வரை பார்க்கவும். முதல் முறை பெட்டியைத் தூக்கும்போது பக்கத்தில் இன்னொருவர் கண்டிப்பாக இருக்க வேண்டும். அவர் தூக்க வேண்டாம், நின்றால் போதும்." மேலே போனதும் கயிற்றை வீட்டுத் தூணில் மூன்று சுற்றுச் சுற்றுவது. கையை விட்டாலும் சட்டென்று இறங்காது, ஆனாலும் கையை விடக் கூடாது என்பது. இறக்கும்போது ஒரு சுற்று ஒரு சுற்றாகக் குறைப்பது.

கடைசியில் மதினி சொன்னது. போர்வைத் தொட்டில், கழுத்துக்கு அண்டை. "பெட்டியின் மேற்பக்கத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இழுக்கவும். இது விடையின் ஒரு பகுதி."

அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் பயம் வந்தது. முதல் விடை தப்பானபோது பெட்டி கட்டிலிலேயே இருந்தது. இந்த விடை தப்பானால் பெட்டி அந்தரத்தில் இருக்கும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

வினோதினி கூப்பிட்டாள். ஒரே கேள்விக்கு ஒரு முழு நாள், அதுவும் மூடச் சொன்ன கேள்விக்கு. அடுத்த மாதம் எனக்குக் கேள்விகள் குறைத்துத்தான் வருமாம்.

"மேற்பக்கத்தைப் பார்த்துப் பேசவும்னு எழுதியிருக்கீங்க. இது பிசிக்ஸா மேம்?"

"ஆமாங்க" என்றேன்.

பிறகு, "அதை நான் பாக்கலைன்னு வச்சுக்கறேன்" என்று வைத்துவிட்டாள். அவ்வளவு மோசமான பெண் இல்லை.

பிப்ரவரி 21, புதன்

செய்தி இல்லை.

பிப்ரவரி 23, வெள்ளி

கொசுவலை தைத்தேன். செய்தி இல்லை.

பிப்ரவரி 26, திங்கள்

நைலான் வடம் ஈரமானால் வழுக்கும் என்று எழுதினேனா என்று சந்தேகம். போய்ப் பார்த்தேன். எழுதியிருக்கிறேன். தூண் சதுரமாக இருந்தால் மூலையில் துணி சுற்ற வேண்டும் என்று எழுதினேனா? எழுதவில்லை. உடனே எழுதி அனுப்பினேன். பார்க்கப்பட்டதற்கான அடையாளம் வரவில்லை.

வேப்பமரத்தில் கப்பிகளை இன்னும் அவிழ்க்கவில்லை. அண்ணனுக்கு ஒரு கல்யாண வீட்டு ஆர்டர் வந்திருக்கிறது, கேட்கிறான். இரண்டு நாள் பொறு என்றேன். "அப்பிடி என்னளா அந்தப் பரிசோதனை?" என்றான். மதினி உள்ளிருந்து, "அவளை விடுங்க" என்றாள்.

சாயங்காலம் மூன்று மூட்டையை நானே தூக்கிப் பார்த்தேன். மரத்தில் சுற்றினேன். கழற்றினேன். மறுபடி தூக்கினேன். எத்தனை தடவை தூக்கினாலும் மூட்டை பத்திரமாகத்தான் இறங்கியது. மூட்டை என்பதால் இறங்குகிறதோ என்று பயமாக இருந்தது. மூட்டை நெளியாது, இருமாது, கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டாது. இதையெல்லாம் நான் கணக்கில் எடுக்கவில்லை. எதை எடுத்தாலும் ஒன்று விட்டுப்போகிறது.

பிப்ரவரி 28, புதன்

பொதுவாக இன்றோடு மாதம் முடிந்திருக்கும். இந்த வருஷம் பிப்ரவரிக்கு ஒரு நாள் கூடுதல். காலண்டரைப் பார்த்து இப்படிச் சந்தோஷப்பட்டது எனக்கு நினைவு தெரிந்து இதுதான் முதல் தடவை.

எனக்கு அந்த அம்மாவின் பெயர் தெரியாது. ஊர் தெரியாது. சுபிக்ஷா யார், மகளா, தங்கை மகளா, எங்கே போனாள், தெரியாது. 44 கிலோ என்று மட்டும் தெரியும். நாளை நள்ளிரவோடு அதுவும் போய்விடும். ஒன்றும் தெரியாமலே மிச்சக் காலத்தைக் கழிக்க என்னால் முடியாது என்று இப்போது படுகிறது. பேசுவதென்றால் அலுப்பு என்று மாத ஆரம்பத்தில் எழுதி வைத்திருக்கிறேன். யார் எழுதியது என்று கேட்கத் தோன்றுகிறது.

பிப்ரவரி 29, வியாழன்

காலை முழுவதும் லேப்டாப்பை விட்டு எழவில்லை. சாய்தளம், வட்ட இயக்கம், லிஃப்டுக்குள் நிற்கும் மனிதன். வழக்கமாகக் கேள்வி வருகிற பதினொன்றரை மணி கடந்தது. மதினி சாப்பாட்டைத் தட்டில் போட்டு மாடிக்கே கொண்டுவந்தாள். போகாமல் கதவோரம் நின்றாள்.

இரண்டு மணிக்கு வந்தது.

"78 கிலோ நிறையுள்ள ஒரு பெட்டி போர்வைத் தொட்டிலில் ஏறி, நாற்காலியில் இறங்கி, கிணற்றடிக்குப் போய் இன்று காலை குளித்தது. தலைக்கு ஊற்றிக்கொண்டது. பிறகு வாசலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் வம்பு பேசியது. கண்ணை மூடவில்லை. மூட்டை வைத்து மூன்று நாள் பார்த்த பிறகுதான் ஏற்றினோம். அண்டை வீட்டுப் பெண் பக்கத்தில் நின்றாள். அடிப்பக்கம் காய ஆரம்பித்திருக்கிறது. தூணில் துணி சுற்றியாயிற்று. இழுத்தவர் 44 கிலோ, கால் தரையில்தான் இருந்தது."

எனக்கு எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. மதினி பின்னால் வந்து நின்று முழுவதையும் வாசித்தாள். என் தலையில் கை வைத்தாள்.

கேள்வி இல்லாமல் செய்தியை முடித்தால் செயலி ஏற்றுக்கொள்ளாது. அதனால் கடைசியில் ஒரு கேள்வி இருந்தது.

"கேள்வி: நான் 78 என்று கொடுத்தது விழுவதற்கு முந்திய எடை. படுத்துப் படுத்து இளைத்துப்போயாச்சு, எழுபதுகூட இருக்காது, டீச்சரிடம் தப்புக் கணக்குக் கொடுத்துவிட்டாய், திருத்தச் சொல் என்று பெட்டி சண்டை போடுகிறது. விடை மாறுமா?"

மதினி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். நான் கணக்கைப் புதிதாகப் போட்டேன். எல்லா உராய்வையும் சேர்த்துத்தான் போட்டேன்.

"மாறும்" என்று எழுதினேன். "முன்பு நினைத்ததைவிட லேசாக இருக்கும். பெட்டி சொல்வதுதான் சரி."

ஐந்து நட்சத்திரம் விழுந்தது. நள்ளிரவுக்குப் பிறகு அந்தப் பெயருக்கு நேரே வெறும் கோடுதான் இருக்கும். நான் கீழே போய் மரத்திலிருந்து கப்பிகளை அவிழ்த்து அண்ணனிடம் கொடுத்தேன்.